உறைந்த எண்ணெய் இரத்தக் குழாயை அடைப்பதில்லை

குன்னூரில் இதய நோயாளிகளைப் பார்த்து வரும் மருத்துவர் என்ற முறையில், ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். அதை இனி எழுதியே ஆக வேண்டும் என்ற நிலைக்குச் சென்ற வாரம் வந்த ஒரு நோயாளி என்னைத் தள்ளிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் அவருக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு, அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. 70-க்குக் கீழே இருக்க வேண்டிய, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் அவருக்கு 168 இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு மாதங்களாக நிறுத்திவிட்டதாக அவருடைய மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார். காரணம் கேட்டபோது, பையிலிருந்து தேங்காய் எண்ணெய் உறைந்திருந்த ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து என் மேசையில் கவிழ்த்துக் காட்டினார்.

"பாருங்க டாக்டர், கவுத்தாக்கூட விழ மாட்டேங்குது. ரத்தக் குழாய்லயும் இப்படித்தானே நிக்கும்? அதான் தேங்காண்ணெயை விட்டுட்டு உறையாத எண்ணெய் வாங்குறோங்க. அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு இவர் நிறுத்திட்டாரு."

அந்தப் பாட்டிலை அவரையே இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நாங்கள் பேசி முடிப்பதற்குள் கண்ணாடியின் ஓரத்தில் எண்ணெய் இளகி வழியத் தொடங்கியிருந்தது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைகிறது. மேட்டுப்பாளையத்தில் தண்ணீராக இருக்கும் எண்ணெய் மலையேறிக் குன்னூர் வந்ததும் கட்டியாகிவிடுவதற்கு இங்குள்ள குளிரைத் தவிர வேறு காரணம் இல்லை. நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. மார்கழிப் பனியில் ஊட்டியில் நின்றாலும் அது 24-க்கு இறங்குவதில்லை. மேலும், உண்ணும் எண்ணெய் எண்ணெயாகவே இரத்தக் குழாய்க்குள் ஓடுவதில்லை. குடலில் பித்தநீராலும் நொதிகளாலும் உடைக்கப்பட்டு, பிறகு புரதத்தோடு சேர்ந்த நுண்துகள்களாகத்தான் அது இரத்தத்தை அடைகிறது. பாட்டிலில் பார்க்கும் கட்டிக்கும் இதயக் குழாயில் பல ஆண்டுகளாகச் சுவரோடு சுவராக வளரும் கொழுப்புப் படிவுக்கும் தோற்றத்தில்கூட ஒற்றுமை கிடையாது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்பதும் இதே நம்பிக்கையின் மறுபக்கம்தான். அந்த வெந்நீர் வயிற்றுக்குள் சென்ற சிறிது நேரத்திலேயே உடல் வெப்பத்துக்கு வந்துவிடும். குளிருக்கு இதமாகக் குடியுங்கள், மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இதை அகற்றுவது இவ்வளவு கடினமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் உறைவதும், எல்டிஎல்லை உயர்த்துவதும் உண்மையே. ஆனால் எல்டிஎல் உயர்வது உறைவதால் அன்று. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளி எடுக்கும் கல்லீரலின் வேலை மந்தமாகிறது. எனவே தேங்காய் எண்ணெயைக் குறைத்ததில் தவறில்லை. அதைக் குறைத்தபின் மற்ற எண்ணெய்களுக்குக் கணக்கே வேண்டாம் என்று முடிவு செய்ததுதான் தவறு.

அந்த வீட்டில் நால்வர். மாதத்துக்குச் சூரியகாந்தி எண்ணெய் ஐந்து லிட்டர், பலகாரத்துக்கென்று ரேஷன் கடையின் பாமாயில் ஒரு லிட்டர். ஆறு லிட்டரைப் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம், அதாவது 400 கலோரி எண்ணெயில் மட்டுமே. பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஆணுக்கு 25 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. எந்த எண்ணெயானாலும், செக்கில் ஆட்டியதானாலும், ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தேங்காய் எண்ணெய் உட்பட எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லத்தக்க அளவில் இருப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தேநீருடன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தேன். எங்கள் மலையின் அடுக்கு பிஸ்கட்டான வர்க்கி காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றார் நோயாளி. அதை எண்ணெய்க் கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை. பெரும்பாலும் யாருமே சேர்ப்பதில்லை. வர்க்கியின் அடுக்குகளைப் பிரித்து நிறுத்துவதே, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் வனஸ்பதிதான். 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தபின் நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், நிறைவுற்ற கொழுப்பு அதில் இன்னமும் இருக்கிறது. விருந்தினர் வரும்போது ஒன்று சாப்பிடுங்கள். தினமும் நான்கு வேண்டாம்.

நால்வர் உள்ள வீட்டுக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் மூன்று லிட்டருக்கு மேல் வாங்காதீர்கள். பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். குளிரில் கடலை எண்ணெய் கலங்கினால் உடனே கலப்படம் என்று கொட்டிவிட வேண்டாம். பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிட வேண்டும். மறுபடி பொரிக்கக் கூடாது. கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டும் எண்ணெயில் பஜ்ஜி போடும் கடையில், எவ்வளவு குளிராக இருந்தாலும், தயவுசெய்து நிற்காதீர்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெயை மாற்றியதற்காகவோ, இரத்தப் பரிசோதனையின் எண் ஒருமுறை நன்றாக வந்ததற்காகவோ, மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த எண் நன்றாக வந்ததே மாத்திரையால்தான். தேயிலைத் தொழிற்சாலை நோயாளி மறுநாளே மாத்திரையைத் தொடங்கிவிட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுக்க வரும்போது மளிகைக்கடைச் சீட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.