ரெதோந்தா – சுழலடி

பிலிப்பைன்ஸ் நாட்டின் கம்புச்சண்டைக் கலையான ஆர்னிஸில், வீசிய கம்பு இலக்கைத் தாக்கியதும் அங்கேயே நின்றுவிடாமல், முழுச் சுற்றை முடித்துக்கொண்டு அடுத்த அடிக்கு ஆயத்தமான நிலைக்கே திரும்பி வருமாறு அடிக்கும் முறைக்கு ரெதோந்தா என்று பெயர். ரெமி பிரேசாஸ் வகுத்த நவீன ஆர்னிஸில், இரு கைக் கம்புகளும் ஒன்றையொன்று தொடர்ந்து சுழன்று தாக்கும் இரட்டைக் கம்புப் பயிற்சி இப்பெயர் பெறுகிறது. ஒற்றைக் கம்பின் சுழல் அடியை ரெதோந்தோ என்பாரும் உண்டு. இறுதியில் வரும் ஓகாரமும் ஆகாரமும் ஸ்பானிய மொழியின் ஆண்பால், பெண்பால் ஈறுகள்.

ஸ்பானியத்தில் இச்சொல்லுக்கு 'வட்டமான' என்பது பொருள். அது சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்னும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. 1565 முதல் 1898 வரை நீடித்த ஸ்பானிய ஆட்சியின் சுவடு இக்கலையின் சொற்களில் நிறையவே உண்டு: ஆர்னிஸ் என்பது போர்க்கவசத்தைக் குறித்த சொல்லிலிருந்தும், இக்கலையின் மற்றொரு பெயரான எஸ்க்ரிமா என்பது வாட்போரைக் குறித்த சொல்லிலிருந்தும், மணிக்கட்டைத் திருப்பி இருபுறமும் அடிக்கும் அபனிக்கோ என்பது விசிறியைக் குறித்த சொல்லிலிருந்தும் பிறந்தவை. பெயர் ஸ்பானியம் என்பதாலேயே கலையும் ஸ்பானியம் ஆகிவிடாது. இரட்டைக் கம்புப் பின்னலான சினவாலி, மூங்கில் பிளாச்சுகளால் முடையும் 'சவாலி' என்னும் தட்டியின் பெயரால் அமைந்த உள்நாட்டுச் சொல்லே. 2009ஆம் ஆண்டின் 9850ஆம் எண் குடியரசுச் சட்டம் ஆர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து இதை 'ரெடோண்டா' என எழுதுவதைவிட 'ரெதோந்தா' என எழுதுவதே மூல ஒலிக்கு நெருக்கமானது, ஏனெனில் ஸ்பானியத்தின் தகரம் பல்லைத் தொட்டுப் பிறப்பது.

சரியான தமிழ்ச்சொல்லைத் தேர, பயிற்சியையே உற்றுநோக்க வேண்டும். ஏறத்தாழ 28 அங்குல நீளமுள்ள பிரப்பங்கம்பை மணிக்கட்டால் சுழற்றினால் வட்டம் சிறிதாகவும் விரைவாகவும் அமையும். முழங்கையும் தோளும் சேரச் சேர வட்டம் விரிந்து அடி வலுக்கும், ஆனால் எதிராளி உள்ளே நுழைவதற்கான இடைவெளியும் கூடவே விரியும். ஆகவே கற்பவர் முதலில் ஒவ்வொரு கையையும் தனித்தனியே மெதுவாகப் பழக்கி, இடுப்பின் திருப்பத்தோடு சுழற்சியை இணைத்து, அதன் பின்னரே இரு கம்புகளையும் சேர்த்து எடுப்பது நல்லது. முதற்கம்பு விலகும் முன் இரண்டாவது வந்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். வட்டத்தின் எந்த இடத்தில் கம்பு இலக்கைத் தாக்குகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்தே மனத்தில் நிறுத்தவேண்டும், இல்லையேல் அது வெறும் சுழற்றலாகிவிடும்.

இதனாலேயே 'கம்பு சுழற்றல்' என்னும் பெயர்ப்பு போதாது. நம் சிலம்பத்தில் அலங்காரத்துக்காகச் சுற்றுவதையும் அச்சொல் குறிக்குமாதலால், அடி என்னும் கருத்து அதில் மறைந்துபோகிறது. 'வட்டவடி' என்பது இலக்கணப்படி சரியே, எனினும் படிப்பவர் அதை 'வட்டவடிவு' என மயங்கக்கூடும். 'சுழலடி' என்பதே என் தேர்வு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக அமைந்த இச்சொல், சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கி, ஓர் அடியின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகும் தொடர்ச்சியையும் உணர்த்துகிறது. இதே முறையில் அபனிக்கோவை 'விசிறியடி' எனலாம்.