பங்கேற்பு: கூட்டத்துக்கு வருவதா, பங்கு கேட்பதா?

'பங்கேற்பு', 'பங்கேற்பு ஆளுகை', 'உள்ளூர் அமைப்புகளை வலுப்படுத்துதல்'. நாகப்பட்டினம் கடலோரத்தில் இந்த மாதிரிச் சொற்கள் மொத்தமாக வந்து இறங்கியது 2004 சுனாமிக்குப் பிறகுதான். பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்தன, அவற்றின் திட்ட அறிக்கைகளும் கூடவே வந்தன.

மூலச்சொல் ஆங்கிலத்தின் பார்ட்டிசிபேஷன். அதன் வேர் லத்தீனில்: 'பார்ஸ்' என்றால் பங்கு, 'கபேரே' என்றால் எடுத்தல். பங்கு, ஏற்பு இரண்டையும் சேர்த்தவர் யாரோ, சரியாகத்தான் சேர்த்திருக்கிறார். பங்குக்கு வேர் 'பகு'. பகுதியும் அதே குடும்பம். வள்ளுவர் 'பாத்தூண்' என்கிறாரே, பகிர்ந்து உண்ணும் உணவு, அதுவும் பகுத்தலில் வந்ததுதான்.

டெல்டாவில் பங்கு என்பது சும்மா வந்து உட்காருவது கிடையாது. மிராசு என்ற பரம்பரை நில உரிமை நடந்த காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பல ஊர்களில் நிலமே பங்குக் கணக்கில்தான் இருந்தது. சில ஊர்களில் நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பங்குதாரர்கள் தங்களுக்குள் மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள். கரையீடு என்று அதற்குப் பெயர். கடலோரத்தில் மீன் விற்ற காசு படகுக்கு, வலைக்கு, கடலுக்குப் போன ஆளுக்கு என்று பங்காகப் பிரியும். பங்காளி என்றதும் சண்டை ஞாபகம் வருவதற்கும் காரணம் இருக்கிறது: பங்கு உள்ளவன் கணக்குக் கேட்பான்.

பங்கு இல்லாதவர்களும் இருந்தார்கள். மிராசு ஊரில் வயலில் இறங்கி உழைத்த பண்ணையாளுக்குக் கூலி உண்டு, பங்கு கிடையாது. சுனாமி நிவாரணத்திலும் இந்தச் சிக்கல் தலைகாட்டியது. மீனவக் கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகள், வந்த பொருளைக் குடும்பக் கணக்கில் பிரித்துக் கொடுத்ததில் கெட்டிக்காரத்தனமாகவே நடந்துகொண்டன. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. கரையோரத் தலித் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. உள்ளூர் அமைப்பை வலுப்படுத்துகிறோம் என்று வருகிறவர்கள் அந்த அமைப்பில் யார் பெயர் இல்லை என்று முதலில் பார்த்தால் தேவலை.

1969-ல் அமெரிக்கரான ஷெரி ஆர்ன்ஸ்டீன் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள்தான். முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருவது மேல்படிகளில். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் மேல்படிப் பக்கம் கால் வைத்தது: நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எந்த வேலைக்குச் செலவழிப்பது என்று குடியிருப்புக் கூட்டங்களே வரிசைப்படுத்தின.

நம் ஊருக்கு வருவோம். 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கில் திருச்சி உள்ளே. 2011 கணக்கெடுப்புப்படி தஞ்சாவூரும் கும்பகோணமும் வெளியே. அப்புறம் 2022-ல் தமிழ்நாட்டின் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. பகுதி சபா என்பது வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக்கள் கூடின. கும்பகோணத்தின் 48 வார்டுகளிலும் குப்பை, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு என்று கேட்க ஆயிரம் இருக்கும். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்கு 'வருகை' என்ற சொல்லே போதும். வார்டுக்கு எவ்வளவு பணம், எந்தத் தெரு முதலில் என்பதில் வாக்கு இருந்தால்தான் அது பங்கேற்பு.

'பங்களிப்பு' வேறு. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டுவது அந்த வகை. கொடுப்பதைக் குறிக்கும், எடுப்பதை அல்ல. இரண்டையும் குழப்பி எழுதுவது சகஜமாகிவிட்டது. இலங்கைத் தமிழில் பங்கேற்பைப் 'பங்குபற்றல்' என்பார்கள். பட்ஜெட்டுக்கு அங்கே வழங்கும் 'பாதீடு' தொல்காப்பியத்தில் இருக்கிறது, கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, வீரர்கள் பங்கிட்டுக்கொள்வது என்ற பொருளில். போர்ட்டோ அலெக்ரே செய்ததை 'பங்கேற்பு பட்ஜெட்' என்றாலும் புரியும். எனக்கு 'மக்கள் பாதீடு' பிடித்திருக்கிறது.