ட்ரஃபிள் உருண்டையில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

பேரீச்சம்பழம், முந்திரி, கோகோ பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. பால், வெண்ணெய், க்ரீம் எதுவும் கிடையாது. மிக்ஸியில் அரைத்து, கையில் உருட்டி, மேலே கொஞ்சம் கோகோ தூவினால் வீகன் சாக்லேட் ட்ரஃபிள் தயார். இதைவிட எளிய இனிப்பு அநேகமாக இல்லை. ஆனாலும் அதே அளவில் செய்து ஒருவருக்கு மெத்தென்று வருகிறது, இன்னொருவருக்கு எண்ணெய் வழிகிறது, மற்றொருவருக்கு உருட்ட உருட்ட உதிர்கிறது. கைப்பக்குவம் என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பக்குவத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். தண்ணீர் எங்கே இருக்கிறது? கொழுப்பு எங்கே இருக்கிறது?

முதலில் பழம். கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது வெல்லத்தைக் கரைத்து, வேண்டிய பதம் வரும்வரை தண்ணீரை ஆவியாக விரட்டுகிறோம். பேரீச்சையில் அந்த வேலையை வெயில் ஏற்கெனவே முடித்துவிட்டது. மென்மையான நல்ல பேரீச்சையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர். மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதிலும் மென்மையான ரகங்களில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். சீனி ஆறியதும் படிகமாகிப் பூத்துவிடும். இந்த இரண்டும் கலந்து இருக்கும்போது அவ்வளவு எளிதில் படிகமாவதில்லை. ஃபிரக்டோஸுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமும் அதிகம். கூடவே பழத்தின் பெக்டினும் நாரும் சேர்ந்து ஒரு வலை மாதிரி எல்லாவற்றையும் கட்டி வைக்கின்றன. அதனால்தான் பேரீச்சை உருண்டை நாள்கணக்கில் இருந்தாலும் கல்லாகாமல் கடிக்க மெதுவாக இருக்கிறது.

பேரீச்சை காய்ந்து கடினமாக இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு எடுக்கலாம். எடுத்தபின் துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்குவது முக்கியம். இங்கே உள்ளே போகும் ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீருக்கும் பின்னால் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு இதுதான். உணவு கெடுமா கெடாதா என்பதை அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரையோடும் உப்போடும் பிணைந்து கிடக்கும் தண்ணீரைக் கிருமிகளால் உறிஞ்ச முடியாது. 1950-களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் இதை அளந்து காட்டினார். தூய தண்ணீருக்கு 1 என்று வைத்தால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. சாதாரணப் பூஞ்சைகள் 0.8-க்குக் கீழே தடுமாறும். 0.6-க்குக் கீழே எதுவுமே வளராது. இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். பேரீச்சை பொதுவாக 0.6-க்கும் 0.7-க்கும் இடையில் நிற்கும். ஈரம் கூடிய பழத்தில் இன்னும் சற்று ஏறலாம். பழனி பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம் இருந்தும் ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாக்குப்பிடிக்கிறது என்றால் அதற்கும் இதே காரணம்தான். வெல்லமும் தேனும் கற்கண்டும் பேரீச்சையும் சேர்ந்து பழத்தின் தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடுகின்றன.

ஆகவே ட்ரஃபிளில் புதிய மாம்பழத் துண்டு, ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள் துருவல் போடலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. இவற்றின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மாவு தளர்வது ஒரு பக்கம், கெடாமல் காக்கும் கணக்கும் குலைந்துவிடும். உலர் திராட்சை, காய்ந்த அத்தி, உலர்த்திய மாம்பழம் எல்லாம் சரியாக வரும். ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியை மட்டும் மெல்லச் சீவிப் போட்டால் அதன் மணம் தரும் எண்ணெய், கொழுப்பில் நன்றாகக் கரைந்து உருண்டை முழுக்கப் பரவும்.

அடுத்தது கொட்டைகள். எண்ணெய் வழிவதற்கும் உதிர்வதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பாதாமில் பாதி எடை எண்ணெய், முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவு, வால்நட்டில் மூன்றில் இரண்டு பங்கு. இவ்வளவு எண்ணெய் இருந்தும் முந்திரியைத் தொட்டால் கை பிசுபிசுக்காது. ஏனென்றால் அந்த எண்ணெய் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதமும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையும் சேர்ந்த மெல்லிய உறை உண்டு. விதை முளைக்கும் வரை எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் செடி செய்து வைத்த ஏற்பாடு அது.

மிக்ஸியின் பிளேடு அந்த ஏற்பாட்டைக் கலைக்கிறது. கொஞ்சம் கலைந்தால் நமக்கு நல்லது. வெளியே வந்த சிறிதளவு எண்ணெய் பழ விழுதைக் கையில் ஒட்டவிடாமல் வழவழப்பாக்கும். நிறுத்தாமல் ஓட்டினால் செல்கள் எல்லாம் உடைகின்றன, உராய்வில் ஜாரும் சூடாகிறது, சூட்டில் எண்ணெய் இளகி ஒன்றுசேர்ந்து பிரிந்து நிற்கிறது. ஜாரின் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரிய ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை. கொட்டையைத் தனியாக, விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்துக்குக் கொரகொரப்பாகப் பொடித்து எடுத்துவிட வேண்டும். பிறகு பேரீச்சையை அரைத்து, பொடியை அதில் கையால் பிசைவதே நல்லது.

அப்படியும் எண்ணெய் பிரிந்துவிட்டால் பலரும் இன்னும் கொட்டைப்பொடி அல்லது கோகோவைக் கொட்டிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். உருண்டை உதிரத் தொடங்குவது அப்போதுதான். அதற்குப் பதிலாக ஒரே ஒரு டீஸ்பூன் வெந்நீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். எண்ணெய் மின்னிக்கொண்டிருந்த மாவு சில நொடிகளில் மங்கி, நிறம் சற்று வெளுத்து, இறுகிப் பிடிக்கும். பழ விழுதில் எண்ணெயைத் துளித்துளியாகத் தாங்குமளவுக்குத் தண்ணீர் இல்லாமல்தான் எண்ணெய் பிரிந்தது. தண்ணீர் கொஞ்சம் கிடைத்ததும் கொட்டையின் புரதமும் பழத்தின் பெக்டினும் துளிகளைச் சுற்றிக்கொள்ள, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் பால்மம் மறுபடி உருவாகிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீர் மருந்தாவது கேட்க முரணாக இருக்கும், கைமேல் பலன் தரும்.

இனி கோகோ. 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பம் கோகோ விழுதை அழுத்திப் பிழிந்து அதன் கொழுப்பான கோகோ வெண்ணெயைப் பிரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. பிழிந்தபின் எஞ்சும் கட்டியைப் பொடித்ததுதான் கோகோ பவுடர். கடையில் வாங்கும் பவுடரில் பெரும்பாலும் 10 முதல் 12 சதவீதம் கொழுப்பு இருக்கும். மீதியில் கணிசமான பங்கு நாரும் மாவுச்சத்தும். இரண்டும் தண்ணீரை உறிஞ்சும், ஆனால் மெதுவாக. அதனால் பிசைந்த உடனே தளர்வாகத் தோன்றுகிறதே என்று கூடுதல் கோகோ போட வேண்டாம். கால் மணி நேரம் மூடி வைத்தால் தானாக இறுகும். கசப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் உப்பை ஒரு சிட்டிகை கூட்டிப் பாருங்கள். சோடியம், நாக்கு கசப்பை உணர்வதையே தணிக்கிறது, இனிப்பு தானாக மேலே வரும்.

பல செய்முறைகளில் 'உருண்டை இறுக இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய்' என்று ஒரு வரி இருக்கும். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வரி அது. தேங்காய் எண்ணெய் உருகுவது சுமார் 24 டிகிரியில். அறையே 20 டிகிரியில் இருக்கும் ஊரில் அது கெட்டிப்பட்டு உருண்டையைத் தாங்கும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அது வெறும் எண்ணெய். நிலைமையை இன்னும் மோசமாக்கும் ஒரு சங்கதியும் உண்டு. உருண்டையில் டார்க் சாக்லேட்டையும் உருக்கிச் சேர்த்தால், அதிலுள்ள கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக் கூடியது. அதில் ஐந்தாவது வடிவம்தான் நல்ல சாக்லேட்டுக்கு உரியது. சுமார் 34 டிகிரியில், அதாவது வாய்க்குள் போனதும் உருகும். அந்த வடிவம் அமைய மூலக்கூறுகள் நீளத்தில் ஒத்துப்போய் நெருக்கமாக அடுக்க வேண்டும். கோகோ வெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கார்பன்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம்; அதற்கு 12 கார்பன்தான். இரண்டும் ஒரே அடுக்கில் உட்காராது. கலக்கும்போது படிகம் குலைந்து, சாக்லேட்டின் உருகுநிலை கீழே இறங்கிவிடுகிறது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால் தென்னந்தோப்புகளின் நிழலில் கோகோ மரங்களை ஊடுபயிராக வைத்திருப்பதைப் பார்க்கலாம். தோப்பில் அவ்வளவு இணக்கமாக வளரும் இரண்டு மரங்களின் கொழுப்புகள் கிண்ணத்தில் ஒத்துப்போகாமல் இருப்பது எனக்கு இன்றும் வியப்பு. நம் ஊர் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெயை விட்டுவிடுவதே சரி. இறுக்கம் வேண்டுமென்றால் கொட்டைப்பொடியைக் கூட்டலாம், அல்லது கோகோ வெண்ணெயே கொஞ்சம் உருக்கிச் சேர்க்கலாம்.

தேங்காய்ப்பால் விஷயம் வேறு. டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, சூடான கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கினால் க்ரீம் இல்லாத கனாஷ் கிடைக்கும். வழக்கமாகச் சாக்லேட்டையும் சூடான க்ரீமையும் கலந்து செய்யும் மென்மையான கலவைதான் கனாஷ். 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 மில்லி பால் போதும். இதிலும் தண்ணீரின் குணத்தைப் பார்க்கலாம். உருகிய சாக்லேட்டில் சில சொட்டு தண்ணீர் விழுந்தால் அது சட்டென்று திரிந்து களியாகிவிடும். கொழுப்புக்குள் மிதக்கும் சர்க்கரைத் துகள்களின் மேல்பரப்பு மட்டும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. தண்ணீர் போதுமான அளவுக்குக் கூடினால் சர்க்கரை கரைந்துவிடும். கொழுப்பு துளிகளாகி, தண்ணீர் அதைச் சுற்றி நிற்கும். களி மறுபடி பட்டுப்போல இளகும். பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே டிஸ் 1995-ல் இதன் எல்லைக்கே போனார். சாக்லேட்டையும் வெறும் தண்ணீரையும் உருக்கி, பனிக்கட்டி மேல் கிண்ணத்தை வைத்து அடித்து, க்ரீம் போல நுரைக்கும் இனிப்பு செய்து காட்டினார். ருசிக்கு நான் தேங்காய்ப்பால் உருண்டைக்கே முதலிடம் தருவேன். ஆனால் இதில் தண்ணீர் தளையில்லாமல் இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் முடித்துவிட வேண்டும், பயணத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. சாக்லேட் வாங்கும்போது உறையையும் படியுங்கள். பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும் டார்க் காம்பவுண்ட் என்னும் சாக்லேட் போன்ற கட்டிகள் சிலவற்றில் பால் திடப்பொருள் இருக்கும்.

வறுத்த பாதாம் துண்டுகளை உள்ளே வைத்தால் முதல் நாள் மொறுமொறுவென்று இருந்து மூன்றாம் நாள் தொய்ந்துபோகும். அதுவும் நீர்ச் செயல்பாட்டின் வேலைதான். வறுத்த கொட்டை பழ விழுதைவிட மிகவும் உலர்ந்தது. இரண்டும் சமமாகும் வரை தண்ணீர் பழத்திலிருந்து கொட்டைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே தூவிய கோகோ மறுநாள் ஈரப்பட்டுக் கருப்பதற்கும் இதே காரணம். துண்டுகளை உருகிய கோகோ வெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி ஆறவிட்டுச் சேர்த்தால் கொழுப்புப் படலம் தண்ணீரைத் தடுத்து, மொறுமொறுப்பை இன்னும் சில நாள் காக்கும். கோகோவை மட்டும் பரிமாறும் முன் தூவினால் போதும்.

அடுப்பே வேண்டாத இனிப்பு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். கொட்டைகளை மட்டும் வறுத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். மணம் கூடும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி சால்மோனெல்லா. நீர்ச் செயல்பாடு குறைவாக இருந்தால் அந்தக் கிருமி பெருகாது, ஆனால் செத்தும் போகாது. சாக்லேட், கொட்டை விழுது போலக் கொழுப்பு மிகுந்த, உலர்ந்த உணவுகளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேகவைக்காத பண்டத்தில் அதைக் கொல்ல வேறு கட்டம் எதுவும் இல்லை. கோகோ ஏற்கெனவே வறுபட்டுத்தான் வருகிறது. பச்சைக் கொட்டைக்கு அந்த வாய்ப்பை நாம்தான் தர வேண்டும். சிறு தீயில், உள்வரை சூடேறி மணம் வரும்வரை வறுத்து, முழுக்க ஆறியபின் பொடிக்கலாம். சூடாகவே ஜாரில் போட்டால் உடனே எண்ணெய் கக்கும். வால்நட் போட்டால் மட்டும் அதிக நாள் வைக்காதீர்கள். அதன் எண்ணெய் காற்றோடு சீக்கிரம் வினைபுரிந்து சிக்கு வாடை அடிக்கும்.

கடைசியாக ஃப்ரிட்ஜ். உருண்டைகளை வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். ஐந்து டிகிரிக் குளிர்ச்சியில் இருக்கும் உருண்டைமேல் அது உடனே முத்து முத்தாகப் படியும். மேலே சாக்லேட் பூச்சு இருந்தால் அதிலுள்ள சர்க்கரை அந்த நீரில் கரைந்து, காய்ந்ததும் வெள்ளையாகச் சொரசொரப்பாகப் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்து, டப்பாவின் வெளிப்பக்கத்து வியர்வை காய்ந்தபின் திறந்தால் போதும். படிய வேண்டிய நீர் டப்பாவின் மேலேயே படிந்து போய்விடும்.