டீமனைப் பேய் என்று எழுதாதீர்கள்

போன மாதம் ஒரு பயிற்சிக் கையேட்டின் தமிழ்ப்படி மெய்ப்புப் பார்க்க வந்தது. மெயின்பிரேம் என்னும் பெருங்கணினியில், கோப்புகளை அனுப்பவும் வாங்கவும் உதவும் எஃப்டிபி சேவையை அமைத்து ஓடவைப்பது பற்றிய பாடம். அத்தியாயத் தலைப்பே ‘பிணையப் பேயைக் கட்டமைத்துத் துவக்குதல்’. பின்னணியில் காத்திருந்து வேலை செய்யும் நிரலுக்கு ஆங்கிலத்தில் ‘டீமன்’ (daemon) என்று பேர், அதைத்தான் பேய் ஆக்கியிருந்தார்கள். அவசரத்தில் ‘பிணப் பேய்’ என்று படித்துவிட்டேன். இதற்கு முன்பும் இரண்டு மூன்று இடங்களில் இந்தப் பேயைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் பேசாமல் இருந்தது என் தப்பு.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. கிரேக்கத்தில் ‘டைமோன்’ என்றால் தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் ஓர் ஆவி. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அதைக் கெட்டது என்று மட்டும் ஆக்கியது பின்னால் வந்த கிறித்தவ வழக்கு. 1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல், ஒரு பெட்டியின் நடுக்கதவருகே நின்று வேகமான மூலக்கூறுகளை ஒருபுறமும் மெதுவானவற்றை மறுபுறமும் பிரித்துவிடும் குட்டி உயிர் ஒன்றைக் கற்பனை செய்தார். அதற்கு ‘டீமன்’ என்று பேர் வைத்தவர் கெல்வின். 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், மேக் என்ற கணினி ஆய்வுத் திட்டத்தில் ஐபிஎம் 7094 கணினியோடு வேலை செய்தவர்கள் அங்கிருந்துதான் சொல்லை எடுத்தார்கள். அந்தக் குழுவின் கோர்பட்டோவே இதைச் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமலே கோப்புகளை நாடாவில் நகலெடுத்து வைத்த நிரல்தான் அவர்களுடைய முதல் டீமன். டீமன் என்பதை ஏதோ ஆங்கிலச் சுருக்கெழுத்து என்று விரித்துச் சொல்வது பின்னால் கட்டிய கதை.

ஆக, பயமுறுத்துவது டீமனின் வேலையே இல்லை. கதவருகே நிற்கும், யாராவது வந்தால் கவனிக்கும், வராவிட்டால் சும்மா இருக்கும். இதில் பேய் எங்கே வந்தது?

‘பூதம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. ஏவின வேலையைச் செய்யும் பூதம் நம் கதைகளில் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். ஆனால் பூதம் என்றதும் மனதில் வருவது அதன் உருவம். ‘பூதாகரமான பிரச்சினை’ என்கிறோம். டீமனோ இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது. போதாததற்கு ஐம்பூதம் வேறு குறுக்கே நிற்கிறது. ‘மறைநிரல்’ இன்னும் மோசம், வைரஸ் என்றே நினைப்பார்கள். பயமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் ‘பின்னணிச் செயல்முறை’ என்பார்கள். மதிக்கத்தக்க ஒதுக்கம், ஆனால் தவறு. பின்னணியில் ஓடுவதெல்லாம் டீமன் ஆகிவிடாது. நீண்ட கணக்கு ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டு நான் வேறு வேலை பார்த்தால், அது என் முனையத்தோடு கட்டுண்டு கிடக்கும், கணக்கு முடிந்ததும் போய்விடும். டீமன் எந்த முனையத்துக்கும் சொந்தமில்லாமல் காத்துக்கொண்டே இருப்பது. அந்தக் காத்திருப்பைச் சொல்லாத சொல் எனக்கு வேண்டாம்.

என் பரிந்துரை ‘ஏவல்’. புதிதாக எதையும் கட்டவில்லை. ஏவல் என்றால் பணிவிடை, பணிவிடை செய்யும் ஆள். குற்றேவல் என்பதில் இருப்பதும் அதுவே. பில்லி, சூனியம், ஏவல் என்று அடுக்கும்போது ஒருவர் அனுப்ப இன்னொருவரிடம் போய் வேலை செய்யும் ஆவியும் அதுவே. ஆளும் ஆவியும் ஒரே சொல்லில்! கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு நெருங்கி நிற்கும் இன்னொன்று தமிழில் எனக்குத் தென்படவில்லை. ஏவல் என்றால் கட்டளை என்றும் பொருள் வருமே, குழப்பாதா என்றால், கணினியில் அதற்குக் ‘கட்டளை’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

மெயின்பிரேமில் இந்தச் சொல் பொருந்துகிறதா என்று அதே பாடத்தை வைத்துப் பார்த்தேன். மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸில் எஃப்டிபி சேவைக்கான அமைப்புகளை எஃப்டிபி.டேட்டா என்ற கோப்பில் எழுதுகிறோம். பிணையத் தொடர்பைக் கவனிக்கும் டிசிபிஐபியின் புரொஃபைல் கோப்பில் 21-ஆம் போர்ட்டை, அதாவது இணைப்பு வந்து சேரும் வாசலை, ஒதுக்குகிறோம். அப்புறம் கன்சோலில், அதாவது கணினியை இயக்குபவரின் திரையில், எஃப்டிபிடி என்ற புரொசீஜரைத் தொடங்குகிறோம். அது தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டு விலகிவிடும், மிஞ்சி ஓடுவது எஃப்டிபிடி1. நிறுத்தவும் அந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. அனுப்பியது ஒன்று, போய் வேலை செய்வது இன்னொன்று. இது ஏவல் இல்லாமல் வேறு என்ன?

இன்னொன்றும் உண்டு. உள்ளே நுழையும் பயனரின் அடையாளத்தை இந்த நிரல் தானே போட்டுக்கொண்டு அவர் பேரில் கோப்பைத் தொட வேண்டும். அதற்கான அனுமதியை ராக்ஃப் என்னும் பாதுகாப்பு மென்பொருளில் பிபிஎக்ஸ்.டீமன் என்ற பேரில் கொடுக்கிறோம். அந்த நிரல் ஓடும் நினைவகப் பகுதிக்குள் (முகவரிவெளி) கட்டுப்பாட்டில் இல்லாத வேறொரு நிரல் ஏறிவிட்டால், அந்தப் பகுதி அழுக்காகிவிட்டதாக இயங்குதளம் குறித்துக்கொண்டு அடையாளம் மாற்ற விடாது. எவ்வளவு நம்பிக்கை வைத்தால் இப்படி ஒருவரை நம் பேரில் அனுப்புவோம்! பேயிடம் யாராவது சாவியைக் கொடுப்பார்களா?

சரி, ‘கட்டமைத்து’ என்பதையும் விட மனமில்லை. ஸ்ட்ரக்சருக்குக் கட்டமைப்பு, இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்குக் கட்டமைப்பு, ஃபிரேம்வொர்க்குக்கும் கட்டமைப்பு, இப்போது கான்ஃபிகரேஷனுக்கும் அதுவே. ஒரே சட்டையை வீட்டிலுள்ள நான்கு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போல. அந்தக் கையேட்டின் ஒரு பத்தியிலேயே மூன்று கட்டமைப்பு இருந்தது, மூன்றும் வேறு வேறு. ஒரு கோப்பில் நான்கு வரியை மாற்றுவதற்கு ‘அமைத்தல்’ போதாதா? மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீளமாக இருந்தால்தான் கலைச்சொல் என்று ஓர் எண்ணம். செய்கிற வேலையைப் பார்க்காமல் அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை.

தலைப்பைப் ‘பிணைய ஏவலை அமைத்துத் தொடங்குதல்’ என்று திருத்தி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: “சார், ஏவல்னா சூனியம் மாதிரி இருக்கே, படிக்கிறவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?” பேய் என்று அச்சேற்றத் தயாராக இருந்தவர் கேட்கிறார்.