ஆல்டோ அக்காமார் பாடாமல் நின்றால்

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் பாடகர் குழுவுக்குப் பயிற்சி நடக்கும். விடியக்காலம் ரப்பர் பால் வெட்டியவர்கள், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) கொட்டை உடைப்பவர்கள், பாறசாலைக்கு வேலைக்குப் போய்வரும் டீச்சர்மார் என்று எல்லோரும் வருவார்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: "எனக்கு மேல எட்டாது மைனி, என்னை ஆல்டோவுல போட்டிருங்க." பெண்கள் குரலில் உயர்ந்த சுரங்களைப் பாடுவது சோப்ரானோ, தாழ்ந்த சுரங்களைப் பாடுவது ஆல்டோ. சோப்ரானோவுக்குத் தேறாதவர்கள் நிற்கும் இடம்தான் ஆல்டோ என்ற நினைப்பு. அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்களின் குரல் மடிப்புகள் (தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) ஏறக்குறைய 1.25 முதல் 1.75 செ.மீ. நீளம். சாதாரணமாகப் பேசும்போது அவை நொடிக்கு 200 தடவை அளவில் அதிரும். மேல் ஸ்தாயிக்குப் போக, தொண்டையின் ஒரு சிறிய தசை அவற்றை இழுத்து மெலிதாக்குகிறது, வீணையில் தந்தியை முறுக்குவது போல. சோப்ரானோவின் எல்லை சுமார் 260 முதல் 1046 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு), ஆல்டோவுக்கு 175 முதல் 700. இரண்டுக்கும் பொதுவான இடம் பெரிது. அதனால் ஒருவர் எட்டும் உச்சத்தை மட்டும் வைத்து நாங்கள் பிரிப்பதில்லை. எந்த உயரத்தில் அரை மணி நேரம் பாடினாலும் தொண்டை களைக்கவில்லை என்று பார்க்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு மடிப்புகள் தடித்துக் குரல் கொஞ்சம் இறங்கலாம். முப்பது வயதில் சோப்ரானோ பாடியவர் அறுபதில் ஆல்டோவுக்கு வருவது இயல்புதான்.

ஆண்களும் சேர்ந்த குழுவில் அடித்தளம் பாஸ் என்ற, ஆண்களின் மிகத் தாழ்ந்த குரலுடையது. பெண்கள் மட்டும் பாடும்போது அந்தப் பாரம் இரண்டாம் ஆல்டோ மேல், அதாவது ஆல்டோவிலும் கீழே பாடுபவர்கள் மேல், விழுகிறது. டோ, மீ, சோ என்ற மூன்றையும், நம் கணக்கில் ச, க, ப, எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டோ 220 ஹெர்ட்ஸில் ச பிடித்தால், சுத்தமாக ஒத்துப்போகும் க 275, ப 330. விகிதம் 4:5:6. எந்தக் குரலிலும் அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளும் ஒலிக்கும். 220-இன் ஐந்தாம் மடங்கு 1100. 275-இன் நாலாம் மடங்கும் 1100. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கீபோர்டிலோ அந்தக் காந்தாரம் ஏறக்குறைய 277.2. அதன் நாலாம் மடங்கு 1108.7, அதனால் நொடிக்கு ஒன்பது தடவை அளவில் ஒரு நடுக்கம் எழும். கீபோர்டை நிறுத்திவிட்டுப் பாடினால், க பாடும் நடுக்குரல்காரர்கள் காதாலேயே தேடி 275-இல் போய் அமர முடியும். அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ச ஆடாமல் நின்றால்தான் அது நடக்கும். ஒருநாள் ஆல்டோ அக்காமாரைப் பாடாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தோம். ராகம் அப்படியே இருந்தது, ஆனால் இரண்டு சரணம் முடிந்து கீபோர்டைத் தொட்டபோது எல்லோரும் சுருதி இறங்கியிருந்தார்கள்.

அப்புறம், வார்த்தை. 'இ' என்ற உயிரை நாம் அடையாளம் காண உதவும் முதல் ஒத்ததிர்வு (வாயின் வடிவம் தானாகப் பலப்படுத்தும் ஒலி உயரம்) 300, 400 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. சோப்ரானோ 700-இல் நிற்கும்போது அவர் குரலில் அதற்குக் கீழே எந்த ஒலியும் இல்லை. அவர் வாயை அகலத் திறந்து ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கே கொண்டுபோகிறார், குரலும் தானாகப் பலமாகிறது. தேர்ந்த சோப்ரானோக்கள் செய்வது இதுதான் என்று ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் காட்டினார். விலை என்னவென்றால், உயிரெழுத்துகள் ஒன்றுபோல் கேட்கும். 'இயேசு' என்பதில் முதல் எழுத்தே தெரியாது. தாழ்ந்த சுரத்தில் நிற்கும் ஆல்டோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கடைசி பெஞ்சுவரை வார்த்தை தெளிவாகப் போவது பெரும்பாலும் அவர்களால்தான்.

சரி, புதியவரை என்ன செய்கிறோம்? சோப்ரானோவும் ஆல்டோவும் சந்திக்கும் இடத்தில், இரண்டு பழைய ஆல்டோக்களுக்கு நடுவே நிறுத்துகிறோம். நீண்ட சுரம் நடுவில் அறுபடாமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது இவர் வாங்கக் கூடாது. முதல் சில வாரங்களுக்கு இந்த ஒன்றைத்தான் கற்றுக்கொடுப்போம்.