வழித்தொடர்: ‘சிட்காம் சீக்வல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

எப்போதோ முடிந்துபோன ஒரு நகைச்சுவைத் தொடரின் பாத்திரங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார்கள். அன்று புத்தகப் பையோடு ஓடியவன் இன்று பிள்ளை பெற்றவன். அவனாக நடிப்பவரும் பழைய நடிகரேதான். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் சிட்காம் சீக்வல் என்று பெயர். தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று எங்கள் வடசென்னைப் பக்கம் எங்கே கேட்டாலும் இதை ‘செகண்ட் பார்ட்டு’ என்றுதான் சொல்வார்கள். அச்சில் அதுவே ‘இரண்டாம் பாகம்’ ஆகிவிடுகிறது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

முதலில் சிட்காம். ‘சிச்சுவேஷன் காமெடி’ என்ற இரண்டு சொற்களின் முன்பகுதிகளை ஒட்டிச் சுருக்கியது. சொல்லைவிட அது குறிக்கும் பொருள் பழையது. 1920களின் அமெரிக்க வானொலியிலேயே ஒரே ஆட்களை வைத்து ஓடும் சிரிப்புத் தொடர்கள் வந்துவிட்டன. தொலைக்காட்சியில் முதலாவது என்று சொல்லப்படுவது பிபிசி 1946இல் ஒளிபரப்பிய ‘பின்ரைட்ஸ் புராக்ரஸ்’. 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’, எதிரே ரசிகர்களை உட்காரவைத்து, மூன்று கேமராக்களால் ஃபிலிமில் பிடிக்கப்பட்டது. பின்னால் வந்த பல தொடர்கள் அந்த வழியில்தான் போயின.

இதில் ‘சிச்சுவேஷன்’ என்பதைத் தமிழில் பலரும் ‘சூழ்நிலை’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் சூழ்நிலை என்றால் அந்த நேரத்து நிலவரம். இன்று ஒன்று, நாளை வேறு. சிட்காமில் வாரா வாரம் மாறுவது சிக்கல்தான். யார் யாரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள், யாரால் யாரை விட்டுப் போக முடியாது என்ற ஏற்பாடு மாறவே மாறாது. சிரிப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. அதற்குச் ‘சூழல்’ என்பதே சரியான சொல் என்பேன். ஆகவே ‘சூழல் நகைச்சுவை’.

சூழல் நகைச்சுவை சென்னைக்குத் தொலைக்காட்சியோடு வந்து சேர்ந்த சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஒரே பெயர் கொண்ட எஜமானையும் வேலைக்காரனையும் ஒரு வீட்டுக்குள் வைத்து ‘சபாபதி’யை எழுதினார். சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடும் வேலைக்காரன், அவனை விட்டால் கதியில்லாத எஜமான். இந்த ஏற்பாடு ஒன்று போதும், காட்சிக்குக் காட்சி சிரிப்பு தானாக வரும். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக எடுத்தபோதும் அந்த ஏற்பாடுதான் படத்தைத் தாங்கியது.

அப்புறம் ‘நகை’. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது முதலில் சொல்வது நகையைத்தான். அது எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது: ‘எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப’. எள்ளல் என்பது கேலி. பேதைமை அறியாமை. கேட்டதை ஆராயாமல் அப்படியே நம்பிவிடுவது மடன் என்கிறார்கள் உரைகாரர்கள். நான் நின்று யோசிப்பது ‘இளமை’யில். சிறுபிள்ளைத்தனமே சிரிப்புக்கு ஒரு காரணம் என்று தனியாக ஒரு நிலைக்களம் ஒதுக்கியிருக்கிறார் தொல்காப்பியர். பிள்ளைகளை வைத்து எடுத்த சிட்காம் முழுக்க இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது. அதே பிள்ளைகள் முப்பது வயதில் திரும்பி வரும்போது அந்த நிலைக்களம் காலியாகிவிடுகிறது. பதினொரு வயதில் சிரிப்பு மூட்டிய அசட்டுத்தனத்தை முப்பதிலும் அப்படியே செய்யவைத்தால், பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வராது, பாவமாக இருக்கும். சிரிப்புக்கு வேறு ஊற்றுத் தேட வேண்டும். இந்த வகைத் தொடர்களின் நிறைகுறையெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு தொடரை எடுத்துப் பார்ப்போம். ‘பாய் மீட்ஸ் வேர்ல்ட்’ அமெரிக்காவில் ஏபிசியில் 1993 முதல் 2000 வரை ஓடியது. பிலடெல்ஃபியாவில் கோரி மேத்யூஸ் என்ற பையன். அவனுக்கு வகுப்பு எடுக்கும் ஃபீனி அடுத்த வீட்டுக்காரரும்கூட. அதனால் பள்ளி விட்டாலும் வாத்தியார் விடமாட்டார். 2014இல் டிஸ்னி சேனலில் ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்’ தொடங்கியது. 2017 வரை ஓடியது. கோரி இப்போது நியூயார்க்கில் வரலாற்று ஆசிரியர். பள்ளிக் காலத்துத் தோழி டோபாங்காவை மணந்துகொண்டவர். மகள் ரைலி அவர் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இளமையை மகளிடம் கொடுத்துவிட்டு, கோரியை ஃபீனியின் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏற்பாடு மாறவில்லை, அதில் யார் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

இதைப் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் என் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார். தொலைக்காட்சித் தொடர் எதுவானாலும் அவருக்கு ‘நாடகம்’தான்.

“இன்னாடா நாடகம் இது?”

“அந்தப் பையன் வருவானே ஆயா, அதோட செகண்ட் பார்ட்டு. அவன் வளந்து, கல்யாணம் ஆயி, இது அவன் பொண்ணு.”

“அப்போ பார்ட்டு எப்டி ஆவும்? அது அவன் கத, முட்ஞ்சி பூட்ச்சி. இது அவன் வூட்டுப் பொண்ணு கத.”

ஆயா சொன்னதுதான் சரி. பாகம் என்றால் முழுமையில் ஒரு பங்கு. முதல் பாகத்தை மட்டும் படித்தவன் கதையைப் பாதியில் விட்டவன். கோரியின் கதை 2000இலேயே முழுசாக முடிந்துவிட்டது. 2014இல் வந்தது அதன் மிச்சப் பாதி இல்லை, அதிலிருந்து கிளம்பிய இன்னொரு முழுக்கதை.

சீக்வல் என்ற சொல்லும் இதைத்தான் சொல்கிறது. ‘பின்னே வருதல்’ என்ற பொருளுள்ள ‘செக்வி’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு நோய் போன பின்னும் உடம்பில் தங்கிவிடும் பாதிப்பை மருத்துவர்கள் ‘செக்வெலா’ என்பார்கள். அதுவும் இதே வேர். பங்கு, பகுதி என்ற எண்ணமே இதில் இல்லை. முன்னே ஒன்று போயிற்று, அதன் விளைவாகப் பின்னே ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

‘தொடர்ச்சி’ என்று சொல்லலாமே என்பீர்கள். ‘நேற்றைய தொடர்ச்சி’ என்று நாம் பழகிவிட்டதால், இடைவெளி இல்லாத ஓட்டம் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பின்தொடர்’ என்றால் ஒருவன் பின்னாலேயே போவது. நல்ல சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: வழி. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம் இது: ‘முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்’. முன்னதன் முடிவை மறுக்கக் கூடாது, பின்னவன் விரும்பும் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், மரபும் அறக் கூடாது. நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர் இலக்கண நூல்களை நினைத்து எழுதியதுதான்; ஆனாலும் ஒரு நல்ல சீக்வலுக்கு இதைவிடத் தெளிவாக விதி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘வழி’க்கு வம்சம் என்ற பொருளும் உண்டு. வழித்தோன்றல் என்கிறோம் இல்லையா? அன்றைய பாத்திரங்களின் பிள்ளைகள் வந்து நிற்கும் கதைக்கு ‘வழித்தொடர்’ என்ற பெயர் இரண்டு வகையிலும் பொருந்துகிறது.

தமிழில் இந்த வடிவம் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வழிக்கதை மணிமேகலை. அதன் நாயகி கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள். சிலம்பில் மாதவியின் கடிதத்தைக் கோவலனிடம் கொண்டுபோன தோழி வயந்தமாலை, மணிமேகலையிலும் தூதுதான் போகிறாள். இந்தமுறை போவது மாதவியிடம். ஊர் என்ன பேசுகிறது என்று சொல்லி அவளை ஆட அழைக்க. மாதவி வர மறுத்துவிடுகிறாள். அது நகைச்சுவை இல்லைதான். ஆனால் பழைய பாத்திரத்தைப் பழைய வேலையிலேயே அனுப்பி, காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று காட்டுகிற அந்த உத்தி, வழித்தொடர் எழுதுகிற எவருக்கும் பாடம்.

பிள்ளைகள் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து இரண்டு தொழிலாளி இளைஞர்களைப் பற்றி பிபிசி 1964 முதல் 1966 வரை ‘த லைக்லி லேட்ஸ்’ என்று ஒரு தொடர் கொடுத்தது. 1973இல் அதற்கு வந்த வழித்தொடரில், ராணுவத்திலிருந்து திரும்பும் டெர்ரி, தான் வளர்ந்த தெருக்கள் இடிந்து கிடப்பதைப் பார்க்கிறான். நண்பன் பாப், வசதியாகக் குடித்தனம் நடத்தத் தயாராகிவிட்டான். 1996இல் மூடிய பெரம்பூர் பின்னி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளைப் பார்க்கும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டெர்ரியின் முகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் நிற்கும் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். துணைப் பாத்திரம் ஒருவரைப் பிரித்தெடுத்துத் தனியாக ஓட்டினால் அது கிளைத்தொடர். பழையதை அழித்துவிட்டு வேறு நடிகர்களை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தால் மறுதொடக்கம். 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஃபுல்லர் ஹவுஸ்’, 1987இல் தொடங்கிய ‘ஃபுல் ஹவுஸ்’ குடும்பத்துப் பெண்கள் பெரியவர்களாகி அதே சான் ஃபிரான்சிஸ்கோ வீட்டில் வாழும் கதை என்பதால் அது வழித்தொடர்.

தமிழிலும் உண்டு. நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் 90களில் புதுக் கணவன் மனைவியாக வந்த ராம்ஜியும் வாசுகியும், 2022இல் ஆஹா தளத்தில் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோராகத் திரும்பினார்கள். தலைப்பில் 3.0 என்று எண் போட்டிருந்தது. எண் எதுவாக இருந்தாலும் அது வழித்தொடர்தான். எழுதும்போது ‘த்’ விடாமல் எழுதுங்கள்: வழி, தொடர் இரண்டும் சேர்ந்தால் ஒற்று மிகும்.