கீச்சிடும் பிரேக்குக்கு எண்ணெய் மருந்தல்ல

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் காலை ஆறரை மணியை அறிவிப்பது அண்ணன் மகளின் சைக்கிள்தான். டியூஷனுக்குப் போகிறவள் தெருமுக்கில் பிரேக் பிடிப்பாள். கீச்சென்று அது போடும் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற தெருநாய் எழுந்து நின்றுவிடும். இருப்பதிலேயே குறைந்த விலையில் வாங்கிய வண்டி. வாங்கிய மூன்றாம் மாதத்திலிருந்தே இப்படித்தான்.

ஒருநாள் அவளே வைத்தியம் பார்த்துவிட்டாள். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு முன்னும் பின்னும் எல்லா பிரேக் கட்டைகளிலும் தடவினாள். சத்தம் அடியோடு நின்றது, பிரேக் பிடிப்பதும் நின்றது. முக்கில் திரும்ப முடியாமல் நேரே போய்ச் சுவரில் மோதி, முழங்கை சிராய்த்து வந்து நின்றாள். "கெணத்துக் கப்பி கத்துனா எண்ணெதான விடுவோம், சித்தப்பா? அது மாதிரிதான்னு நெனச்சேன்" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கப்பியில் உராய்வு நமக்கு வேண்டாத பொருள். எண்ணெய் விட்டு அதை ஒழித்தால் நீர் இறைப்பது சுலபமாகும். பிரேக்கில் உராய்வுதான் நம்மை நிறுத்துகிறது. ஒரு கணக்குப் பாருங்கள். பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ, வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், ஓடும் வண்டியில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 500 ஜூல். 5 கிலோ அரிசிப் பையை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் அது. வண்டி நிற்க வேண்டுமானால் அவ்வளவும் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சூடாக மாறியாக வேண்டும். நம் காதைத் துளைக்கும் சத்தத்தில் போவது அதில் ஒரு சிறு துளிதான். எண்ணெய் அந்தத் துளியோடு சேர்த்து மொத்தத்தையும் கெடுத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது வேறு: உராய்வு அப்படியே இருக்க வேண்டும், அதன் நடுக்கம் மட்டும் போக வேண்டும்.

அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கனமான பீரோவைத் தரையில் தள்ளிப் பாருங்கள். நகரத் தொடங்கும்வரை முழு பலமும் வேண்டும், நகர்ந்துவிட்டால் கொஞ்சம் லேசாகிவிடும். ஒட்டி நிற்கும்போது உள்ள பிடிப்பு, வழுக்கும்போது உள்ள பிடிப்பைவிட அதிகம். ரப்பர் கட்டை ரிம்மைத் தொட்டதும் ரிம் அதைக் கவ்வி முன்னே இழுக்கிறது. கட்டை மாட்டியிருக்கும் இரும்புக் கை அதனால் வில்போல வளைகிறது. வளைய வளைய எதிர்விசை கூடி, ஒரு கட்டத்தில் பிடி நழுவிக் கட்டை பின்னுக்குத் துள்ளுகிறது. துள்ளியதும் மறுபடி கவ்வல், மறுபடி நழுவல். இது ஒரு வினாடிக்குள் ஆயிரம் தடவைக்கு மேலும் நடக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளல்தான் காதில் கீச்சென்று விழுகிறது.

வண்டி வேகமாக ஓடும்போது கட்டை முழுதாக ஒட்டி நிற்க நேரமிருக்காது. ஆனால் முழுதாக ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. உரசும் வேகம் கூடினால் பிடிப்பு குறைகிறது என்ற ஒரு குணம் இருந்தாலே போதும். கட்டை ரிம்மோடு சேர்ந்து முன்னே அசையும்போது இரண்டுக்கும் இடையிலான வேகம் குறைவு, அதனால் இழுப்பு அதிகம். கட்டை பின்னே வரும்போது இழுப்பு குறைவு. போகும் திசையில் கூடுதல் தள்ளு, வரும் திசையில் குறைந்த தடை. ஊஞ்சலை ஒவ்வொரு சுற்றிலும் சரியான நேரத்தில் தட்டிவிட்டால் என்ன ஆகும்? ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். இங்கேயும் அதுவேதான். வண்டி நிற்கப் போகும் கடைசிக் கணத்தில் பல சைக்கிள்கள் அதிகமாகக் கத்துவதற்கும் காரணம் இதுதான். மெதுவான வேகத்தில் கவ்வலும் நழுவலும் நன்றாக வேலை செய்கின்றன.

இதே இயக்கம்தான் வயலினிலும் நடக்கிறது. ரோசின் என்னும் பிசின் தடவிய வில் நரம்பைக் கவ்வி இழுக்கும், நரம்பு நழுவித் திரும்பும், மறுபடி வில் கவ்வும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், பின்னாளில் நோபல் பரிசு வாங்கித்தந்த ஒளி ஆராய்ச்சிக்கு வெகு முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது இதைத் துருவிப் படித்தவர். வில் உரசும் நரம்புகளின் அதிர்வைப் பற்றி 1918-ல் விரிவாக எழுதினார். இயந்திரத்தால் வயலின் வாசிக்கும் கருவி ஒன்றைக்கூட அமைத்துச் சோதனை செய்தார். உராய்வை இசையாக ஆக்க வித்துவானுக்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். சைக்கிளுக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அதனால்தான் நமக்கு நாராசம்.

ஏன் எப்போதும் அதே சுருதியில் கத்துகிறது என்பதற்கு நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைப் பாருங்கள். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் தட்டினால் வேறு வேறு ஒலி தரும். உருவமும் கனமும் விறைப்பும் சேர்ந்துதான் ஒரு பொருளின் இயல்பான அதிர்வைத் தீர்மானிக்கின்றன. பிரேக் கையும், சக்கரத்தைத் தாங்கும் கவையான போர்க்கும், ரிம்மும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் தனித் தனி அதிர்வு உண்டு. உராய்வு தட்டிக்கொடுக்கும்போது அவற்றில் எது எளிதில் ஆடுமோ அது பாட ஆரம்பிக்கிறது. மெல்லிய இரும்பு ரிம் எவர்சில்வர் தட்டுபோல அந்த அதிர்வைக் காற்றில் பரப்புகிறது. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். கீச்சொலி பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே விழுவதால், சிறு சத்தம்கூடப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது மலிவான சைக்கிளின் குற்றம் எங்கே என்று புரிந்திருக்கும். தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அவள் வண்டியைக் கொண்டுபோனேன். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டினார். டக், டக் என்று மெல்லிய சத்தம். "கட்டையில குத்தமில்ல சார். கையிலதான் ஆட்டம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஞ்ஞானம் இருக்கிறது. விலை கூடிய பிரேக்கின் கை தடிமனாக, விறைப்பாக இருக்கும். மலிவான வண்டியில் அது தகட்டை அழுத்தி வளைத்த இரும்பு. அதைப் பிணைக்கும் நடுபோல்ட்டும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். துள்ளுவதற்கு இதைவிட நல்ல வில் கிடைக்காது.

அதனால் முதல் வேலை அந்த ஆட்டத்தை எடுப்பது. நடுபோல்ட்டில் இரண்டு நட்டுகள் இருக்கும். உள்நட்டைக் கைகள் தடையில்லாமல் விரியும் அளவுக்கு, ஆனால் தள்ளாடாத அளவுக்கு முடுக்கி, வெளிநட்டால் அதைப் பூட்ட வேண்டும். இதைச் செய்த பிறகும் டக் டக் கேட்டால், ஹேண்டில்பார் கழுத்திலுள்ள பேரிங் தளர்ந்திருக்கும். அதைக் கடையில் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வேலை கட்டையின் கோணம். இதுதான் பலருக்குத் தெரியாத இடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பிரேக் இருப்பது சக்கரத்தின் மேல்பாதியில், அங்கே ரிம் முன்னோக்கி ஓடுகிறது. ஆகவே ரிம் கட்டையின் பின்முனை வழியாக நுழைந்து முன்முனை வழியாக வெளியேறுகிறது. ரிம் இழுக்கும் இழுப்பில் கை முறுக்கிக்கொள்ள, பின்முனை ரிம்மை நோக்கி அழுந்துகிறது. அழுந்தினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் இன்னும் முறுக்கும், கடைசியில் தாங்காமல் விடுபடும். சாக்பீஸைக் கரும்பலகையில் நுனி முன்னே போகும்படி குத்தித் தள்ளினால் கிறீச்சென்று அலறும். சாய்த்து இழுத்துக்கொண்டு போனால் பேசாமல் எழுதும். கட்டையின் பின்முனை செய்வது குத்தித் தள்ளுகிற வேலை.

எனவே முன்முனை முதலில் தொடும்படி, பின்முனையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டையை வைக்க வேண்டும். பிரேக் அழுந்தும்போது கை முறுக்கி அந்த இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும், கட்டை முழுதாகப் பதியும். நான் செய்தது இப்படி: கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டிக் கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் செருகினேன். அண்ணன் மகளைப் பிரேக் பிடியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கட்டையின் நட்டை இறுக்கினேன். வளைவான வாஷர் உள்ள பிரேக்குகளில் இது போதும். அவள் வண்டியில் அந்த வாஷர் இல்லை. கட்டையைக் கழற்றிவிட்டு, திருகு ஸ்பேனரால் கையின் நுனியைக் கவ்விப் பிடித்து ஒரு நூலளவு முறுக்கினேன். இரும்புக் கைக்கு மட்டும்தான் இந்த வித்தை. அலுமினிய வார்ப்பு என்றால் ஒடிந்துபோகும். அதற்குக் கட்டையின் முகத்தில் பின்முனைப் பக்கத்தை உப்புத்தாளில் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளலாம். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் கம்பி பிரேக் வைத்த பழைய கருப்புச் சைக்கிளுக்கு இந்தக் கோணக் கணக்கு பொருந்தாது. அதில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. அங்கே தளர்ந்த மூட்டுகளை முடுக்குவதுதான் பெரும்பாலும் வேலை.

அப்புறம் சுத்தம். அவள் தடவிய எண்ணெயை எடுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பும் பச்சை நாரும் கொண்டு ரிம்மைச் சுற்றிலும் தேய்த்தேன். காய்ந்ததும் மருந்துக்கடை ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். துணியில் கருமை வருவது நிற்கும்வரை விடக் கூடாது. மண்ணெண்ணெய் வேண்டாம், அது பிசுக்கை விட்டுச்செல்லும். எண்ணெய் ஊறிய கட்டையின் முகத்தை உப்புத்தாளில் வைத்துப் புது ரப்பர் தெரியும்வரை தேய்த்தேன். உபயோகத்தில் பளபளவென்று இறுகிப்போன கட்டைக்கும் இதே சிகிச்சைதான். தேய்க்கும்போது ஒரு கட்டையில் ஏதோ மின்னியது. ஊக்கால் குத்தி எடுத்தால் ஒரு மணற்பருக்கை. கீச்சொலியோடு கரகரவென்று ஒரு சத்தமும் வந்ததற்கு அதுதான் காரணம். அதை விட்டுவைத்தால் ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை மட்டும் டப்பென்று கேட்டால் அது வேறு கதை. ரிம்மில் நசுங்கலோ கோட்டமோ இருக்கும், கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கட்டை தேய்ந்து அதன் வரிக்கோடுகள் மறைந்திருந்தால் புதிது வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் மாதிரி கடினமாக இருப்பதை விட்டு, நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்குகிற ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். மலிவு வண்டிக்குச் செலவழிக்கிற காசில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் எண்ணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குரோமியம் பூசிய வழவழப்பான இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு பயங்கரமாகக் குறையும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடுகிறது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பே லேசாகப் பிரேக்கைத் தொட்டு, சக்கரம் சில சுற்று சுற்றித் தண்ணீர் துடைபட்ட பிறகு அழுத்த வேண்டும். பிசான நெல் சாகுபடிக்கு உழுத வயலோரம் வரப்புச் சேற்றில் வண்டி தள்ளி வருகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் ரிம்மில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும், கட்டை ரொம்ப நாள் உழைக்கும்.

வேலை முடிந்ததும் தெருவில் மெதுவாக உருட்டிப் பார்த்தோம். பிறகு ஓட்டிப் பார்த்தாள். முக்கில் அழுத்தினாள். சர்ரென்று ரப்பர் உரசும் மெல்லிய சத்தம், வண்டி நின்றது. மறுநாள் விடியலில் மட்டும் இரண்டு கீச்சு கேட்டது. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். "பனியில நனைஞ்சிருக்கு ஏட்டி, ரெண்டு தடவை அழுத்துனா காஞ்சிரும்" என்றேன். அழுத்திப் பார்த்தாள். மூன்றாவது தடவை சத்தம் இல்லை.